கயாக்கை அணிந்துகொள்வது எப்படி?

"மாமா, நான் ஒரு பக்கம் போறேன், படகு வேற பக்கம் போகுது."

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, நீச்சல் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி என் அக்காள் மகள் சொன்னது இது. அவளுக்கு வயது 15. கவிழ்ந்த கயாக்கிலிருந்து இறங்காமல், துடுப்பாலும் இடுப்பாலும் அதை மீண்டும் நிமிர்த்துவதற்கு 'ரோல்' என்று பெயர். அந்தப் பயிற்சியை அவள் ஐந்தாவது வாரமாக முயன்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் படகு பாதிதான் திரும்பும். அதற்குள் அவள் இருக்கையிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுவாள். "எனக்குப் பலம் பத்தல மாமா" என்று தானே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டாள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன். மாணவர் ஒருவர் "எனக்கு இது வராது" என்று சொன்னால், கருவியைச் சோதித்துப் பார்க்காமல் அதை நம்புவதில்லை. அன்றும் படகைத்தான் முதலில் சோதித்தேன். அது நான் பழையதாக வாங்கிய பிளாஸ்டிக் கடல் கயாக். என்னைப் போன்ற, என்னைவிடவும் பெரிய உடம்புக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அவளை அதில் உட்காரவைத்து அளந்தேன். இருக்கையின் உட்புற அகலம் 38 சென்டிமீட்டர். அவளுடைய இடுப்பின் அகலம் 33 சென்டிமீட்டர். தொடைக்கும் அதன் மேலே இருக்கும் தாங்கிக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் வெற்றிடம். குறை அவளுடைய பலத்தில் இல்லை. இரண்டு எண் பெரிய காலணியைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பந்தயத்தில் ஓடச் சொன்ன கதைதான் இது.

அந்த வெற்றிடத்தை நுரைத் திண்டுகளால் நிரப்பி ஒட்டினால் போதும். கேட்க எளிய வேலைதான். ஆனால் அதற்குள் இயற்பியலும் வேதியியலும் கொஞ்சம் உடற்கூறும் இருக்கின்றன. நான் இரண்டு முறை தவறு செய்த பிறகுதான் இந்தப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது.

உடம்புக்கு அளவெடுத்த படகு

கயாக் என்ற சொல்லும் படகும் ஆர்க்டிக் பகுதி மக்களிடமிருந்து வந்தவை. இனுயிட் மொழியில் 'கயாக்' என்பது வேட்டைக்காரரின் படகு. கரையொதுங்கிய மரத்தாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். அதை யார் ஓட்டப் போகிறாரோ அவருடைய உடம்புதான் அளவுகோல். நீளத்துக்கு இரு கைகளையும் விரித்த அளவைப் போல் மூன்று மடங்கு, அகலத்துக்கு இடுப்போடு இரண்டு கைமுட்டிகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு. உறைபனி நீரில் கவிழ்ந்தால் நீந்திக் கரைசேர முடியாது. படகோடு சேர்ந்தே நிமிர்ந்தாக வேண்டும். அதனால் தையற்காரர் சட்டை தைப்பதுபோல் ஆளுக்கு ஆள் தனியாகச் செய்தார்கள்.

1970களில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை அச்சில் உருக்கிச் சுழற்றிக் கயாக் செய்யும் முறை வந்தது. விலை இறங்கியது, பாறையில் மோதினாலும் உடையாத உறுதியும் கிடைத்தது. ஆனால் ஓர் அச்சிலிருந்து வரும் படகுகள் எல்லாம் ஒரே அளவு. கைமுட்டியால் அளந்த அந்தப் பொருத்தம் போய்விட்டது. இன்று நாம் ஒட்டும் நுரைத் திண்டு அதைத் திரும்பக் கொண்டுவரும் வழி.

மூன்று சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது?

கயாக் ஓட்டுபவரின் உடம்பு ஐந்து இடங்களில் படகைத் தொடுகிறது: பாதம், தொடை, இடுப்பு, அமரும் பகுதி, கீழ்முதுகு. படகைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டுமானால் ஒரு தொடையால் மேலே உந்த வேண்டும். படகின் நடுக்கோட்டை ஊஞ்சற்பலகையின் நடுத்தாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை உந்தும் இடம் அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பதே திருப்புத்திறன். படகைத் திருப்புவது அதுதான்.

ஆனால் தொடை தாங்கியைத் தொட்ட பிறகுதான் விசையே தொடங்கும். 3 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடக்கும்வரை கால் வெறும் காற்றைத்தான் உந்துகிறது. 3ஐ 25ஆல் வகுத்தால் 0.12 வரும். அதற்குரிய கோணம் ஏறத்தாழ 7 பாகை. அதாவது, அவள் உடம்பு 7 பாகை சாயும்வரை படகுக்குச் செய்தியே போய்ச் சேர்வதில்லை. அலை மறுபக்கத்திலிருந்து வந்தால் அந்தப் பக்கமும் 7 பாகை வீண். "நான் ஒரு பக்கம், படகு வேற பக்கம்" என்று அவள் சொன்னது அறிவியல்படி மிகச் சரியான விளக்கம்.

தலைகீழாக இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். புவியீர்ப்பு அவளை இருக்கையிலிருந்து பிரித்து இழுக்கிறது. இடுப்பின் இருபுறமும் தாங்கல் இல்லாததால் அவள் நழுவுகிறாள். நழுவியவுடன் உந்துவதற்குப் படகே இல்லை.

எல்லா நுரையும் ஒன்றல்ல

வீட்டில் பழைய மெத்தை நுரை இருந்தது. அதை வெட்டி ஒட்டினால் என்ன? இந்தக் கேள்விக்கு ஒரு வாளித் தண்ணீரில் விடை கிடைக்கும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சையும், நீச்சல் பழகும்போது பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையின் ஒரு துண்டையும் அதில் அமுக்கிப் பிடித்துவிட்டு எடுங்கள். ஸ்பாஞ்ச் நீரைக் குடித்துக் கனத்துப் போயிருக்கும். மிதவைப் பலகையை ஒருமுறை துடைத்தால் காய்ந்துவிடும்.

மெத்தையும் ஸ்பாஞ்சும் திறந்த அறை நுரைகள். உள்ளிருக்கும் குமிழிகளின் சுவர்களில் துளைகள் இருப்பதால் நீர் அறை அறையாகப் புகுந்துவிடும். மிதவைப் பலகை, யோகா விரிப்பு, சிறுவர்கள் தரையில் பொருத்தி விளையாடும் புதிர்ப்பாய் போன்றவை மூடிய அறை நுரைகள். அவற்றின் ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே முடிச்சிட்ட சின்னஞ்சிறு பலூன். கயாக்குக்கு ஏற்றது இதுதான். இவ்வேலைக்கென்று விற்கப்படும் பாலிஎத்திலீன் நுரையில் ஒரு வகை, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோகிராம் எடை கொண்டது. ஒரு லிட்டர் கன அளவுள்ள திண்டின் எடை 32 கிராம் மட்டுமே. அது நீரில் மூழ்கினால் ஒரு கிலோகிராம் நீரை வெளியேற்றும். ஆகவே படகு நிரம்பினாலும் திண்டு மிதக்கத்தான் உதவும்.

மென்மையாக இருந்தால் சுகமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மென்மையான நுரை உடம்பின் விசையைத் தன்னை நசுக்கிக்கொள்வதிலேயே செலவழித்துவிடும். 3 சென்டிமீட்டர் காற்றுக்குப் பதில் 3 சென்டிமீட்டர் மெத்தை வைத்தால் பயன் குறைவு. கெட்டியான நுரையை உடம்பின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து செதுக்குவதே சரி. வளைவு பொருந்தினால் அழுத்தம் பரவலாக விழும். கெட்டியாக இருந்தாலும் உறுத்தாது.

முதல் தவறு: உரிந்து வந்த திண்டு

வெட்டுவதும் செதுக்குவதும் எனக்கு நன்றாகவே வந்தன. அட்டையில் மாதிரி வெட்டி, ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் நுரையை அறுத்து, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து வளைவு கொடுத்தேன். இடுப்புக்கு இருபுறமும் 2 சென்டிமீட்டர் திண்டு. மீதி அரை சென்டிமீட்டர் இடைவெளியை வேண்டுமென்றே விட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

பிறகு, மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், கடற்கரைப் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து, செருப்புத் தைப்பவர்களும் தச்சர்களும் பயன்படுத்தும் மஞ்சள் பசையைத் தடவி ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து அவள் படகில் ஏறினாள். கால் உரசியதும் வலப்பக்கத் திண்டு, பழுத்த வாழைப்பழத் தோல்போல், பசையோடு சேர்ந்து உரிந்து வந்தது. படகின் பிளாஸ்டிக்கில் பசையின் சுவடுகூட இல்லை.

பசை பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு நுரையோடு வந்ததில் ஒரு துப்பு இருக்கிறது. ஒட்டு முறிந்தால் எந்த இடத்தில் முறிந்தது என்று பார்க்க வேண்டும். பசையே நடுவில் பிளந்திருந்தால் பசை பலவீனம். பரப்பிலிருந்து சுத்தமாக விலகியிருந்தால் பரப்போடு உறவே ஏற்படவில்லை என்று பொருள்.

ஒட்டாமல் இருப்பதே இதன் குணம்

1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில், எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் ஆகிய இருவரும் உயர் அழுத்தத்தில் எத்திலீன் வாயுவைச் சோதித்தபோது எதிர்பாராமல் ஒரு வெள்ளை மெழுகுப் பொருள் கிடைத்தது. அதுதான் பாலிஎத்திலீன். அதன் மூலக்கூறு கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலி. அதில் நேர்மின், எதிர்மின் ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. பிற பொருள்கள் பற்றிக்கொள்ள அதில் கொக்கி எதுவும் இல்லை. அமிலத்துக்கும் உப்புநீருக்கும் அது அசையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். வாளி, பழக்கூடை, குப்பைத் தொட்டி எல்லாம் இதில் செய்யப்படுவதும் இதனால்தான். படகுக்கு வரமாக இருக்கும் அந்தக் குணம் பசைக்குச் சாபமாகிவிடுகிறது.

இதைப் பரப்பாற்றல் என்ற அளவால் சொல்வார்கள். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பாலிஎத்திலீனின் பரப்பாற்றல் அதே அலகில் ஏறத்தாழ 31. பரப்பின் ஈர்ப்பைவிட நீர்த்துளி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும் விசை மிகுதி. அதனால் துளி பரவாமல் முத்துப்போல் நிற்கிறது. நீர் கலந்த வெள்ளைப் பசையும் அப்படியே திரண்டு நிற்கும். மஞ்சள் பசையில் இருக்கும் கரைப்பான் நன்றாகவே பரவும். ஆனால் கரைப்பான் ஆவியான பிறகு எஞ்சும் பசைப் படலத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. எண்ணெய் தடவிய தட்டில் தோசை ஒட்டாததைப்போல், உரித்தால் வந்துவிடும்.

இதை மாற்ற மூன்று வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, சுத்தம். பழைய படகில் உப்பு, வியர்வை, சூரியக் களிம்பு எல்லாம் படிந்திருக்கும். சோப்பு நீரால் கழுவி, காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, சொரசொரப்பு. 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். மேலே இருக்கும் பலவீனமான தோல் போய்விடும், பசை புகுந்து பிடிக்க நுண்ணிய பள்ளங்கள் கிடைக்கும். தேய்த்த தூளை மீண்டும் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, சுடர். சிறிய எரிவாயு விளக்கின் நீலச் சுடர் நுனியை, பிளாஸ்டிக் உருகாத வேகத்தில், பரப்பின்மேல் ஒருமுறை ஓட்டுவார்கள். அந்தக் கணப்பொழுதில் காற்றிலுள்ள ஆக்சிஜன், கார்பன் சங்கிலியின் மேற்பரப்பில் இணைகிறது. இல்லாத கொக்கிகள் இப்போது முளைக்கின்றன. கொட்டகையில் படகுகளைப் பழுதுபார்க்கும் மலாய்ப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு இதைச் செய்து காட்டினார். சுடருக்கு முன் ஒரு சொட்டு நீர் விட்டார், முத்தாக நின்றது. சுடர் பட்டு ஆறிய பின் விட்ட சொட்டு விரிந்து படர்ந்தது. நான் பாடப் புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்ததை அவர் ஒரு சொட்டு நீரில் காட்டிவிட்டார்.

இந்த மாற்றம் நிலையானதல்ல, நாளாக நாளாக மங்கிவிடும். அதனால் அன்றே ஒட்டிவிட வேண்டும். மாணவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். பசை டப்பாவும் கரைப்பானும் பக்கத்தில் இருக்கும்போது யாருமே செய்யக் கூடாது. பெரியவர் சுடரை அணைத்து, விளக்கைக் கொட்டகையின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் என்னைப் பசை டப்பாவைத் திறக்கவிட்டார்.

காத்திருக்கத் தெரிந்தால்தான் ஒட்டும்

மஞ்சள் பசையின் உயிர், நியோபிரீன் எனப்படும் பாலிகுளோரோபிரீன் ரப்பர். டுபோன் நிறுவனத்தில் 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர் இது. அதை டொலுயீன் போன்ற கரைப்பானில் கரைத்து விற்கிறார்கள். இதை இரண்டு பரப்புகளிலும் தடவ வேண்டும். பிறகு இரண்டையும் தனித்தனியே காயவிட வேண்டும். கரைப்பான் ஆவியானதும் ரப்பர்ச் சங்கிலிகள் மட்டும் இருபுறமும் எஞ்சும். அந்த நிலையில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், இரு பக்கச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். பிறகு படிகமாக இறுகும்.

நான் முதல் முறை பொறுமையில்லாமல் ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டேன். மரப்பலகையாக இருந்தால் மீதிக் கரைப்பான் மரத்தின் துளைகள் வழியே கொஞ்சமாவது வெளியேறும். இங்கே ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் மூடிய அறை நுரை. கரைப்பான் எந்தப் பக்கமும் எளிதில் போக முடியாது. அது உள்ளேயே சிக்கிப் பசையைக் குழகுழப்பாகவே வைத்திருந்தது.

எப்போது ஒட்டுவது? கடிகாரத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள் என்றார் பெரியவர். விரல் முட்டியின் பின்புறத்தால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் பசை ஒட்டி வரக் கூடாது. பொதுவாக 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நுரையின் அறுத்த பக்கம் பசையைக் குடித்துவிடும் என்பதால் அங்கே மட்டும் ஒரு பூச்சு காய்ந்தபின் மறு பூச்சு தேவை.

சேர்த்த மறுகணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த முடியாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் மெழுகுத்தாளை வைத்துத் திண்டைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்திவர வேண்டும். எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம். பிறகு ஒரு முழு நாள் அதைத் தொடக் கூடாது.

நம் ஊர் வானிலை செய்யும் குறும்பு

என் முதல் ஒட்டு தோற்றதற்கு இன்னொரு காரணம் அந்த மழைப் பிற்பகல். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் ஆல்கஹால் தடவினால் குளிர்வது இதனால்தான். வெப்பநிலை 31 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் மழைக்குப் பின் இது சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 27 பாகை. அதாவது பசையின் பரப்பு வெறும் 4 பாகை குளிர்ந்தாலே, ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம்போல், அதன்மேல் நீர் படியத் தொடங்கும். கண்ணுக்குப் புலப்படாத அந்த நீர்ப்படலம் இரண்டு பசைப் பரப்புகளுக்கும் நடுவே சுவராக நிற்கும். பசை பளபளப்பில்லாமல் வெண்மை பூத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே மழை நாளைத் தவிர்த்து, வெயில் ஏறிய முற்பகலில் நிழலில் செய்யுங்கள். குளிர்சாதன அறையில் ஈரப்பதம் குறைவுதானே என்று அங்கே கொண்டுபோகாதீர்கள். டொலுயீன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. மூடிய அறையில் தரையோடு தங்கும். அதன் தீப்பற்று நிலை 4 பாகை செல்சியஸ்தான். நம் ஊரில் எந்த நேரத்திலும் ஒரு பொறி போதும். அதை முகர்வது மூளைக்கும் நரம்புக்கும் கேடு. பசை முகரும் பழக்கத்தைத் தடுக்க 1987இல் இங்கே தனிச் சட்டமே இயற்றப்பட்டது. திறந்த வெளி, காற்றோட்டம், கையுறை ஆகிய மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

ஒட்டு நெடுநாள் நிற்க இன்னும் ஒன்று தேவை. வெயிலில் பிளாஸ்டிக் விரியும், நிழலில் சுருங்கும். 30 சென்டிமீட்டர் திண்டுக்குக் கீழே இருக்கும் பாலிஎத்திலீன், 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். கண்ணாடிபோல் இறுகும் பசை விரிசல் விட்டுவிடும். ரப்பர்ப் பசை கூடவே இழுபட்டுக் கொடுக்கும். அதோடு, எந்த ஒட்டும் ஓரத்திலிருந்துதான் உரியத் தொடங்கும். திண்டின் ஓரங்களைச் சரிவாகச் செதுக்கினால் காலில் மாட்டி உரிவது குறையும்.

அக்காள் கேட்ட கேள்வி

இரண்டாம் முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். இடுப்புத் திண்டுகளோடு தொடைத் திண்டுகளையும் ஒட்டினேன். கையால் இழுத்தால் நுரை கிழியுமே தவிர ஒட்டு விடாது. பெருமையோடு அக்காளிடம் சொன்னேன். அவர் சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

"திண்டு கழலக் கூடாதுன்னு பசை போட்டுட்டே, சரி தம்பி. படகு கவிழ்ந்தா புள்ள கழண்டு வரணுமே, அதுக்கு என்ன செஞ்சே?"

எனக்குச் சுருக்கென்றது. இடுப்பில் அரை சென்டிமீட்டர் விட்டது இதற்காகத்தான். ஆனால் தொடையை நான் தரையில் உட்காரவைத்துத்தான் சோதித்திருந்தேன். நீரில் சோதிக்கவில்லை.

அந்த வாரம் குளத்தில் பயிற்றுநர் படகைப் பிடித்துக்கொள்ள, நான் இடுப்பளவு நீரில் பக்கத்தில் நின்றேன். அவளைத் தானாகக் கவிழ்ந்து வெளியேறச் சொன்னோம். கவிழ்ந்தாள். நீர்மறைப்புத் துணியின் வளையத்தை இழுத்தாள். வலது கால் வரவில்லை. தொடைத் திண்டின் முன்பகுதியை 4 சென்டிமீட்டர் நீளமாக விட்டிருந்தேன். முழங்காலை மடக்கி இழுக்கும்போது அது அதில் இடித்தது. பயிற்றுநர் உடனே படகை நிமிர்த்திவிட்டார். சில நொடிகள்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அந்த நொடிகள் இன்னும் மறக்கவில்லை.

முதல் திண்டு கழலக் கூடாத நேரத்தில் கழன்றது. இரண்டாவதைக் கழற்ற வேண்டியபோது கழற்ற முடியவில்லை. கத்தியால் செதுக்கி எடுக்க ஒரு மாலைப்பொழுது ஆனது.

சரியான வரிசை இதுதான் என்று அப்போது விளங்கியது. நுரையை வெட்டியதும் பசை பூசாதீர்கள். வலுவான ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பொருத்துங்கள். வழக்கமாக அணியும் உடை, உயிர்காப்பு அங்கி, நீர்மறைப்புத் துணி எல்லாவற்றோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். கால் மரத்துப்போனால் எங்கோ நரம்போ இரத்தக் குழாயோ நசுங்குகிறது. அந்த இடத்தைக் குடையுங்கள். அடுத்து, தரையில் இருந்தபடி, கைகளால் பற்றி இழுக்காமல் இடுப்பை அசைத்து வெளியேற முடிகிறதா என்று பாருங்கள். அதன்பின் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, ஆழமில்லாத நீரில் கவிழ்ந்து வெளியேறிப் பாருங்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. இவற்றில் எல்லாம் தேறிய பிறகே பசை. திண்டின் வடிவத்தில் சிறு மாற்றம் செய்தாலும் வெளியேறும் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பொருத்தம் என்பது இறுக்கம் அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது திண்டு உடம்பை லேசாகத் தொட வேண்டும், கவ்விப் பிடிக்கக் கூடாது. முழங்காலை உயர்த்திப் பாதத்தால் உந்தும்போது மட்டும் பிடி கிடைக்க வேண்டும். காலைத் தளர்த்தினால் அந்தப் பிடி தானாக விட வேண்டும். பிடிப்பதும் விடுவதும் ஓட்டுபவரின் தசையிடம் இருக்க வேண்டும், நுரையிடம் இருக்கக் கூடாது.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு யோசனை. ஒரே தடித்த திண்டுக்குப் பதில், ஒரு சென்டிமீட்டர் தகடுகளை அடுக்குங்கள். அடித்தகட்டை மட்டும் படகோடு ஒட்டிவிட்டு, மேல்தகடுகளை உரித்து ஒட்டும் பட்டையால் பொருத்தினால் உடம்பு வளர வளர ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். நுரையும் பல மாதம் நசுங்கியே இருந்தால் மெல்ல மெலியும். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

நீங்களும் செய்து பாருங்கள்

இந்த வாரம் வீட்டில் ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு பிளாஸ்டிக் பை, உப்புத்தாளால் தேய்த்த ஐஸ்கிரீம் டப்பா மூடி ஆகிய மூன்றையும் சோப்பிட்டுக் கழுவிக் காயவையுங்கள். மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டு, கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். துளியின் ஓரம் பரப்போடு செய்யும் கோணத்தை வரைந்து ஒப்பிடுங்கள். எதில் பசை எளிதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி உரித்து, ஊகம் சரியா என்று பாருங்கள்.

என் அக்காள் மகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்றாவது திண்டுகளோடு அவள் குளத்தில் முதலில் செய்தது ரோல் அல்ல. பன்னிரண்டு முறை கவிழ்ந்து பன்னிரண்டு முறை வெளியேறினாள். அக்காள் கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். பயம் தெளிந்தபின் ரோல் பழகத் தொடங்கினாள். இரண்டு வாரம் கழித்துத் தலை, தோள், படகு மூன்றும் ஒன்றாக நீருக்கு மேலே வந்தன. முகத்து நீரைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இப்ப படகு என்கூடவே வருது" என்றாள்.